இரைச்சலும் ஒரு செய்திதான்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் புதுக் கார் வாங்கிவிட்டு போன் செய்தான். "சார், கார் ரேடியோவுல டி.ஆர்.எம்.னு ஒண்ணு இருக்கு. அப்ப பழைய ரேடியோவை மூடிருவாங்களா?" அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை. இது கொஞ்சம் நீளம். வகுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள், பெல் மட்டும் அடிக்காது.

நம் பக்கத்து ரேடியோவின் கதை 1924-இல் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். அந்த ஜூலை 31-இல் ஒலிபரப்பு. முதலில் இருந்த கருவியின் சக்தி 40 வாட். நம் வீட்டுத் திண்ணையில் எரிந்த குண்டு பல்பு அளவுதான்! 1927-இல் பணமில்லாமல் கிளப் நின்றது. கருவி மாநகராட்சிக்குப் போக, 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. குப்பை அள்ளுகிற, தெருவிளக்குப் போடுகிற அதே மாநகராட்சி எட்டு வருடம் ஊருக்குப் பாட்டும் போட்டது. 1938 ஜூன் 16-இல்தான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

எங்கள் சிறு வயதில் செங்கல்பட்டுப் பக்கத்து கிராமங்களில் சொந்த ரேடியோ என்பது அபூர்வம். பஞ்சாயத்து ரேடியோதான். சாயங்காலம் ஆபரேட்டர் வந்து பூட்டைத் திறந்து போடுவார், புங்கமரத்தடியில் ஊரே உட்காரும். வீட்டில் வாங்கினால் தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். எங்கள் அப்பா அந்தப் புத்தகத்தைப் பத்திரத்தோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல்லை ரேடியோ கேட்டுப் பயிரிட்டதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது.

எஃப்.எம். நேற்று வந்தது என்று நினைக்கிறீர்கள். இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு நம் சென்னையில்தான், 1977 ஜூலை 23-இல். ரொம்ப நாள் அதைக் கேட்க ஆள்தான் இல்லை.

சரி, இப்போது பாடம். சென்னை 'ஏ' நிலையம் 720 கிலோ ஹெர்ட்ஸ் மத்திய அலை. ஓர் அலையின் நீளம் சுமார் 416 மீட்டர். எஃப்.எம். அலையோ 3 மீட்டர்தான். மூன்று மீட்டர் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும், பூமி வளைகிற இடத்தில் விட்டுப்போகும். மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டே போகும். அதிலும் உப்புத் தண்ணீர் நல்ல மின்கடத்தி என்பதால் நிலத்தைவிடக் கடல்மேல் வெகுதூரம் போகும்.

கிரிஸ்டல் செட் செய்தோமே, நினைவிருக்கிறதா? ஓ.ஏ. 79 டயோடு ஒன்று, கம்பிச் சுருள் ஒன்று, மாடியிலிருந்து வேப்பமரம் வரை ஒரு ஏரியல், எர்த்துக்குத் தண்ணீர்க் குழாய். பாட்டரி கிடையாது. அலையில் வருகிற சக்தியே காதுக்குப் போதும். முதலில் ஹெட்போனை வைத்த பிள்ளை "சார், பேசறாங்க சார்!" என்று கத்தியதில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடிவந்துவிட்டார். இன்றைக்கு எந்த டிஜிட்டல் ரேடியோவையும் அப்படி நாலு சாமானில் செய்ய முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கொக்கிலமேட்டிலிருந்து வந்து படித்த ஒரு மாணவனின் அப்பா கட்டுமரத்தில் போகும்போது டிரான்சிஸ்டரை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போவார். பாட்டுக்காக என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டபோது சிரித்தார். "பாட்டு கெடக்குது வாத்தியாரே. நடுவுல கர்ரு கர்ருனு கத்தும் பாருங்க, அது நெருங்கி நெருங்கி வந்தா எங்கயோ மின்னுதுனு அர்த்தம். நான் வலையை இழுத்துடுவேன்."

இயற்பியல் படித்த எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. மின்னலின் அலை ஏ.எம்.மில் வெடிப்பொலியாக விழும் என்று பதினைந்து வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். அதை ஒரு குறை என்றுதான் எழுதினேன். எஃப்.எம். அந்த இரைச்சலைப் பெரும்பாலும் தள்ளிவிடும். டிஜிட்டலில் அது காதுக்கே வராது. அலை பலவீனமானால் ஏ.எம். மங்கிய குரலிலாவது பேசும். டிஜிட்டலில் ஓரளவுக்குக் கீழே போனால் ஒரேயடியாக மௌனம்.

டி.ஆர்.எம். மோசம் என்று சொல்லவில்லை. மின்சாரம் குறைவு, ஒலி சுத்தம், ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று சேவை, எழுத்தில் எச்சரிக்கைகூட அனுப்பலாம். நம் வானொலி முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களில் அதைப் பொருத்தியும் விட்டது. கார்க்காரனுக்குச் செட் கிடைத்துவிட்டது. கட்டுமரக்காரருக்கு? தனி செட் ஆயிரக்கணக்கில் விலை, நம் பஜாரில் நான் கேட்ட கடைகளில் இல்லவும் இல்லை. நார்வே 2017-இல் தேசிய எஃப்.எம்.மை நிறுத்தியது, உலகில் முதல் நாடு. அங்கேயும் சிறிய உள்ளூர் நிலையங்களை எஃப்.எம்.மிலேயே விட்டுவைத்தார்கள்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் கரண்ட் போய், போனில் டவரும் போய்விட்டது. இரண்டு பென்டார்ச் செல்லைப் போட்டு டிரான்சிஸ்டரைத் திருப்பினேன். அன்று வந்த கர்ர் சத்தத்தில் பாதி புயலுடையது, பாதி என் பழைய வால்யூம் கன்ட்ரோலுடையது. நடுவே குரல் கேட்டது. உங்கள் டீச்சரம்மா "அணைச்சிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறு வாரம் கொக்கிலமேடு போனேன். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. மகன், என் மாணவன், ஃபைபர் போட் வைத்திருக்கிறான். "ரேடியோ எடுத்துப் போறியாப்பா?" என்றேன். "இல்ல சார், போன்தான். வானிலை எல்லாம் கரையிலயே பாத்துக்குவோம்." "நடுக்கடல்ல?" "டவர் கெடைக்காது சார்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பாவோட செட்டு பரண்ல கெடக்குது. ரிப்பேர் பண்ணித் தர்றீங்களா?" என்றான்.

வாங்கி வந்திருக்கிறேன். ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருக்கிறது. பேண்ட் ஸ்விட்சில் உப்பேறிப் பச்சை பூத்திருக்கிறது. அதே மாதிரி ஸ்விட்ச் யார் வீட்டுப் பரணிலாவது, பழைய செட்டில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அப்படியே, லைசென்ஸ் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எங்கள் அப்பாவுடையதைக் கரையான் தின்றுவிட்டது.