திட்டமும் சம்மதமும்: கிளவுட் நிர்வாகத்தில் ஏஐ ஏஜென்ட்கள் நுழைந்த வரலாறு

செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்களைக் கிளவுட் நிர்வாகக் கருவிகளோடு இணைப்பதை நேற்று முளைத்த புதுமையாகவே பலரும் கருதுகின்றனர். ஆயினும், அவ்விணைப்புக்கு வேண்டிய அஸ்திவாரம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இடப்பட்டது என்பதும், திட்டமிடுவது வேறு, நிறைவேற்றுவது வேறு என்று பிரித்து வைத்த ஏற்பாடே அதன் உயிர்நிலை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பர்ஜஸ் 'சிஎஃப் எஞ்சின்' என்னும் கருவியை உருவாக்கினார். கணினிதோறும் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிராமல், அது எந்நிலையில் இருக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதி வைத்தால், உள்ள நிலைக்கும் வேண்டிய நிலைக்கும் இடையிலான பேதத்தைக் கருவியே கண்டு நேர்செய்யும் என்பது அதன் தத்துவம். 2005-ல் வந்த 'பப்பெட்' அவ்வழியிலேயே சென்றது. 2006-ல் அமேசான் எஸ்3, ஈசி2 ஆகிய சேவைகளைத் தொடங்கியபின், விலைக்கு வாங்கி அறையில் நிறுத்தவேண்டிய பொருளாயிருந்த சர்வர், ஏபிஐ வழியே கேட்டுப் பெறும் வாடகைச் சேவையாயிற்று.

2014-ல் ஹாஷிகார்ப் நிறுவனம் வெளியிட்ட 'டெராஃபார்ம்' இவ்விரு போக்குகளையும் ஒன்றாக்கியது. செய்யப்போகும் மாற்றங்களை அது முதலில் 'பிளான்' என்னும் அறிக்கையாகக் காட்டும். டேட்டாபேஸ் ஒன்றின் அற்பமான அமைப்பை மாற்றுவதுகூடச் சில சமயம் பழையதை அழித்துப் புதியதைப் படைப்பதில் முடியும் என்பதை, அவ்வறிக்கையில் சேர்ந்து நிற்கும் கழித்தல், கூட்டல் குறிகளே எச்சரிக்கும். பின்னர் 'அப்ளை' கட்டளை தரும்போது, 'யெஸ்' என்று முழுமையாகத் தட்டினாலன்றி, சாதாரணமாக, அது மேலே செல்லாது.

இத்தகைய தடைகளின் அவசியத்தை 2017 பிப்ரவரி 28 பிரத்தியட்சமாகக் காட்டிற்று. அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா மையத்தில், அதிகாரம் பெற்ற எஸ்3 ஊழியர் ஒருவர் வழக்கமான கட்டளையில் ஓர் உள்ளீட்டைப் பிழையாகத் தந்ததால், நினைத்ததைவிட மிகுதியான சர்வர்கள் நீக்கப்பட்டு, எண்ணற்ற இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. அமேசான் பின்னர் அக்கருவியையே திருத்தி, குறித்த அளவுக்குக் கீழே சர்வர்களை நீக்கவொட்டாதபடி காப்பு அமைத்தது.

மொழி மாதிரிகள் இக்களத்துக்கு வந்தது அதன் பின்னரே. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, மாதிரிகள் வெளிக்கருவிகளை முறைப்படி அழைக்கும் வசதியைத் தந்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இணைப்பு எழுதும் சிரமத்தைக் குறைக்கும் பொதுநெறியாக, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் எம்சிபியை வெளியிட்டது. 2025-ல் அமேசானும் ஹாஷிகார்ப்பும் தத்தம் கருவிகளுக்கு எம்சிபி சர்வர்களை அளித்தன. டெராஃபார்முக்கான சர்வர் வழியே, மொழி மாதிரியால் இயங்கும் ஏஜென்ட் நடப்பு ஆவணங்களைப் படித்தறிவதால், வழக்கொழிந்த அமைப்புகளை நினைவிலிருந்து எழுதிவிடும் அபாயம் குறைகிறது.

ஆனால், படிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு: லாக் கோப்பில் அந்நியர் எவரேனும் புகுத்திய வாசகத்தை, உரிமையாளரின் உத்தரவென்றே ஏஜென்ட் மயங்கக்கூடும். எனவே, ஏஜென்டுக்குப் படிக்கும் உரிமையும் திட்டம் வரையும் உரிமையும் தாராளமாக வழங்கலாம். அழிக்கவல்ல 'அப்ளை' அதிகாரத்தை மட்டும், அறிக்கையை வாசித்துப் பொறுப்பேற்கும் மனிதரிடமே நிறுத்துவதுதான் இவ்வரலாறு விதிக்கும் முறை.