ஒக்கியும் ஒரு கைப்பிடி சுவிட்சும்

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடிச்சு எங்க நெய்யூர் பக்கம் வாழை, ரப்பர், கரண்டு கம்பம் எல்லாம் ஒண்ணா சாய்ஞ்சு கெடந்தது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் கம்பங்கள் விழுந்தன. கரண்டு வர நாள்கணக்கில் ஆச்சு. குடிதண்ணிக்குக் கிணத்து மோட்டாரை ஓட்டணுமே, வாடகை ஜெனரேட்டருக்கு ஒரே அடிபிடி.

எங்க வீட்டில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் உண்டு. கைப்பிடி மேலே போனா லைன் கரண்டு, கீழே ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். ரெண்டும் சேர வழி கிடையாது. அது இல்லாம ஜெனரேட்டர் வயரை நேரா வீட்டு லைனில் மாட்டி, மெயினை அணைக்க மறந்தா, கரண்டு திரும்பி டிரான்ஸ்பார்மருக்குப் போகும். 230 வோல்ட் அங்கே 11,000 ஆக ஏறிடும். லைன் செத்துக் கெடக்குன்னு நம்பி கம்பத்தில் நிக்கிறவன், வேற மாவட்டத்திலிருந்து நமக்காக வந்த பையன்.

அன்னைக்கு என் சுவிட்ச் பாதியில் நின்னுட்டு. மாட்டின நாள் முதல் திறந்தே பார்க்கல்ல, தப்பு என்மேலதான். உள்ளே எறும்பு மண்ணு, கருகின காண்டாக்ட். எலக்ட்ரீசியன் சரிபண்ணுகது வரை ஜெனரேட்டரைத் தொடவிடல்ல. ரெண்டு நாள் வாளியில் கோரினோம்.

இப்போ வருசாவருசம் புரட்டாசியில் அவரைக் கூப்பிட்டிருவேன். ஃபியூசைப் பிடுங்கி, டெஸ்டர் வச்சுப் பார்த்த பிறகுதான் மூடியைக் கழற்றுவார். துடைச்சு, போல்ட் முறுக்கி, கைப்பிடியை நாலு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். போன தடவை ஒரு போல்ட் லூசா இருந்தது.