கால்நடை முதுமைக் காப்பகம் (புனே வட்டாரம்)

பால் வற்றிய பசு, ஏர் இழுக்க முடியாத எருது, கால் ஒடிந்த எருமை, அடிமாட்டு லாரியிலிருந்து மீட்கப்பட்ட கன்று ஆகியவற்றை அவற்றின் ஆயுள் முடியும்வரை வைத்துப் பேணும் இடம் கால்நடை முதுமைக் காப்பகம். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதைப் பாஞ்சராபோள் என்பார்கள். சென்னையில் பிஞ்சராபோல் என்ற பெயரே பழகிவிட்டது. நம் கோயில்களின் பசுமடமும் வடநாட்டுக் கோசாலையும் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் கோசாலையில் கறவைக்கும் இனவிருத்திக்கும் இடம் உண்டு. பிஞ்சராபோல் பயன் தராத உயிரையே முதலில் ஏற்றுக்கொள்ளும். இத்தகைய காப்பகங்களோடு கலப்பினக் கறவை மாட்டுத் திட்டமும் முட்டைக்கோழித் தொழிலும் செழித்த வட்டாரம் புனே. புகலிடத்தையும், புகலிடம் தேடி நிற்கும் விலங்குகளையும் ஒரே மண் பெருக்கியதால், இந்தியாவில் இந்த ஏற்பாட்டின் நிறைகுறைகளை அறிய விரும்புகிறவர் இங்கிருந்து தொடங்கலாம்.

தோற்றம்

மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாக அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. சோழ, பாண்டிய நாடுகளின் பெயரும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. நோயுற்ற, முடமான மாடுகளைத் தனி மந்தையாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். இருந்தாலும் முதுமைக்கென்றே அமைந்த காப்பகம் தெளிவாகத் தென்படுவது குஜராத்தில்தான். அங்கே சமணரும் வைணவ வணிகரும் இதைத் தங்கள் கடமையாக எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், காம்பேயில் ஆடு, நாய், பூனை, பறவைகளுக்குக்கூட மருத்துவமனை இருந்ததையும், கிழடும் முடமுமானவற்றைச் சாகும்வரை வைத்துக் காத்ததையும் எழுதியிருக்கிறார். 1623இல் அதே ஊருக்கு வந்த இத்தாலியப் பயணி பியட்ரோ டெல்லா வல்லே பறவைகளுக்கான மருத்துவமனையைப் பார்த்தார்.

தமிழகத்தில் வழக்கம் வேறு. சோழர் காலத்தில் கோயில் நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக விட்டார்கள். அந்த எண்ணிக்கை குறையாமல் இடையர் காக்க வேண்டும், நெய் அளக்க வேண்டும். மந்தையின் தொகை நிலைத்தது. அதில் மூப்படைந்த தனி ஆடு என்ன ஆயிற்று என்பது கணக்கில் வராது. குஜராத் வணிகர்களின் ஏற்பாடு இங்கேதான் வேறுபடுகிறது. ஒவ்வொரு விலங்கின் எஞ்சிய ஆயுளையும் பொறுப்பேற்கும் பழக்கம் அவர்களிடமிருந்தே மேற்கிந்திய நகரங்களுக்குப் பரவியது.

பம்பாயும் புனேயும்

1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கில அரசு முனைந்தபோது பார்சிகள் கொதித்தெழுந்தார்கள், கலவரமே மூண்டது. இதன் தொடர்ச்சியாக 1834இல் பார்சி வணிகர் ஜாம்சேட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர் மோதிசந்த் அமிசந்தும் சேர்ந்து பம்பாய் பாஞ்சராபோளை நிறுவினார்கள். புலேஷ்வர் பகுதியின் நெரிசலுக்கு நடுவே இன்றும் அங்கே மாடுகள் நிற்கின்றன. இத்தகைய இடங்களுக்கு வணிகர்கள் தங்கள் சரக்கின் மீது தாங்களே ஒரு சிறு தீர்வை விதித்துக்கொண்டு பணம் திரட்டினார்கள். இரக்கம் நிலைக்க வேண்டுமானால் நிலையான வருமானம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னால் வந்த பலர் இதை மறந்தது பெரிய இழப்பு. சென்னை அயனாவரத்தில் 1906இல் தொடங்கிய பிஞ்சராபோலும் இதே மரபில் வந்ததுதான்.

புனேயில் இந்த மரபைத் தாங்கும் பாஞ்சராபோள், புனே–நாசிக் சாலையில் போசரியில் இருக்கிறது. ஒருகாலத்தில் ஊருக்கு வெளியே கிடந்த அந்த இடத்தைச் சுற்றி இன்று பிம்ப்ரி–சிஞ்ச்வட்டின் தொழிற்பேட்டைகள் நிற்கின்றன.

விலங்கின் மீதான மரியாதை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. துறவி ஞானேஸ்வரரின் அருளால் வேதம் ஓதியதாக மராட்டியர் போற்றும் எருமைக்கடாவுக்கு ஜுன்னர் தாலுகாவின் ஆளே கிராமத்தில் சமாதி இருக்கிறது. இன்றும் வழிபாடு நடக்கிறது. நம் மாட்டுப் பொங்கல் போல அவர்களுக்குப் பைல்போளா: அன்று எருதுகளுக்கு ஓய்வு, கொம்புக்கு வண்ணம், வாய்க்குப் பூரண்போளி. ஆனால் மாட்டைப் பற்றி நவீன புனே எழுப்பிய முதல் கூர்மையான வாதம் பொருளாதாரம் சார்ந்தது. 1883இல் எழுதிய ‘ஷேத்கர்யாச்சா ஆசூட்’ (உழவனின் சாட்டை) நூலில் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே, வெள்ளைச் சிப்பாய்களின் உணவுக்காக மாடுகள் வெட்டப்படுவதால் உழவனுக்கு எருது கிடைப்பது அரிதாகிறது என்று முறையிட்டார். ராணுவப் பாளையங்கள் அமைந்த ஊரில் வாழ்ந்தவரின் முறையீடு அது.

உருளிகாஞ்சன்

காந்தி பிஞ்சராபோல்களைக் கடுமையாக விமரிசித்தவர். கிழட்டு மாடுகளை அடைத்து வைப்பதோடு நின்றுவிடாமல், நல்ல இனம் பெருக்கவும், பால் பண்ணை நடத்தவும், இயற்கையாக இறந்த மாட்டின் தோலைப் பதப்படுத்தவும் அவை கற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1946இல் புனேயை அடுத்த உருளிகாஞ்சனில் அவர் தங்கி இயற்கை மருத்துவ நிலையம் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு மணிபாய் தேசாய் என்ற இளைஞரிடம் வந்தது. அவர் அங்கே கோசாலை வைத்து கிர் பசுக்களை வளர்த்தார். அதிலிருந்து 1967இல் பாயிஃப் நிறுவனம் பிறந்தது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளின் உறைவிந்தை வைத்து உழவர் வீட்டு வாசலிலேயே சினை ஊசி போடும் முறையை அது நாடெங்கும் கொண்டுசென்றது. மணிபாய்க்கு 1982இல் மகசேசே விருது கிடைத்தது.

இந்தக் கலப்பின முறையால் ஏழைக் குடும்பங்களுக்கு வருமானம் வந்தது உண்மை. அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் கலப்பினப் பசு ஈனும் கன்றுகளில் பாதி காளைக்கன்று. அதற்குத் திமில் சிறுத்திருக்கும், வெயில் தாங்காது, ஏரில் பூட்டச் சரிப்படாது. அதே காலத்தில் டிராக்டரும் வந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்தே வேலையில்லாத இந்த உயிர்கள் இன்று காப்பகங்களின் வாசலில் அதிகம் வந்து சேர்கின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் பசுவின மாடுகள் சுமார் 19.25 கோடி. அதில் ஆண் மாடுகள் 4.74 கோடிதான், ஏழே ஆண்டுகளில் 30 விழுக்காடு சரிவு. தெருவில் திரியும் மாடுகள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல்.

சட்டம்

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே, வதைக்கப்பட்ட விலங்கைப் பிஞ்சராபோலுக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. வணிகர்களின் அறச்செயல் அப்படி அரசின் ஏற்பாட்டில் ஓர் உறுப்பாயிற்று. மகாராஷ்டிரத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் பசுவதையை மட்டும் தடுத்தது. எருதையும் காளையையும் சேர்த்து 1995இல் நிறைவேறிய திருத்தம் 2015இல்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. பயனற்ற மாட்டை வெட்ட முழுத்தடை கூடாது என்று 1958இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2005இல் ஏழு நீதிபதிகள் அமர்வில் அந்த நிலையை மாற்றிக்கொண்டிருந்தது: சாணமும் கோமியமும் தரும்வரை மாடு பயனற்றதாகாது என்பது தீர்ப்பின் அடிப்படை.

உழவர் வீட்டுக் கணக்கு வேறு. கிழட்டு எருதை விற்ற காசோடு கொஞ்சம் சேர்த்துப் புது ஜோடி வாங்குவதுதான் தக்காணத்து வழக்கம். அந்த வழி அடைபட்டபின், மாட்டை வைத்துக் காப்பாற்ற வசதியில்லாதவர் அதை இரவில் சாலையோரம் அவிழ்த்துவிட்டுப் போகிறார். மாட்டைக் கொல்லாதே என்று சொன்ன சட்டம், அதற்கு மீதமிருக்கும் பத்தாண்டுக்கு யார் தீவனம் போடுவது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். 2017இல் வந்த மத்திய விதிகள், வழக்கில் பிடிபட்ட விலங்குகளின் பராமரிப்புச் செலவை அவற்றின் உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வழிசெய்தன. 2024 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு நாட்டுப் பசுவுக்கு ராஜ்யமாதா என்ற பட்டம் சூட்டி, கோசாலைகளில் உள்ள நாட்டுப் பசு ஒன்றுக்கு நாளைக்கு 50 ரூபாய் தருவதாக அறிவித்தது. கலப்பின மாடும் எருமையும் இந்தக் கணக்கில் இல்லை.

பராமரிப்பு

மேற்கு மகாராஷ்டிரத்தின் கரும்பு ஆலைகளுக்கு வண்டி இழுத்து ஓய்ந்த கில்லாரி இன எருதைப் பார்த்தால் அதன் உழைப்பை உடம்பிலேயே படிக்கலாம். நுகத்தடி அழுத்திய பிடரி தடித்துக் காய்த்திருக்கும். சில சமயம் அதன் நடுவில் ஆறாத புண். மூக்கணாங்கயிறு ஓடிய துளை விரிந்து சீழ் வைத்திருக்கும். லாடம் அடித்து அடித்துக் குளம்பு சிதைந்திருக்கும். நீண்ட கொம்பின் அடியில் புற்றுநோய் வருவது எருதுகளில் அரிதல்ல; தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே நிற்கும். காப்பகத்துக்கு வந்ததும் முதலில் மூக்கணாங்கயிற்றை அறுத்து எடுப்பார்கள். பல் தேய்ந்த மாடு சோளத்தட்டையை மெல்லாது. நறுக்கி, நனைத்து, தவிடு கலந்து வைக்க வேண்டும். எழ முடியாமல் படுத்துவிட்ட மாட்டைச் சில மணிக்கொருமுறை நாலு பேர் சேர்ந்து புரட்டிப் போடாவிட்டால் ஒரு பக்கத்துத் தசை அழுகிவிடும். நகரத்திலிருந்து வரும் பசுவுக்கு வயிற்றில் பாலித்தீன் பை; இரைப்பையைக் கிழித்துத்தான் வெளியே எடுக்க முடியும்.

கரும்பு வண்டி இழுக்கும் எருதுகளுக்காகவே 2003இல் சாங்லி பகுதியில் அனிமல் ராஹத் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பீட்டா அமைப்பின் ஆதரவு பெற்றது என்பதால், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை மறக்காத தமிழ் வாசகருக்கு மனம் கசக்கலாம். ஆனால் ஆலை வாசலில் இலவச மருத்துவம் பார்ப்பது, எருதுக்குப் பதில் டிராக்டரைப் பயன்படுத்தும்படி ஆலைகளிடம் பேசுவது, ஓய்ந்த எருதுகளையும் கழுதைகளையும் தன் காப்பகத்தில் வைத்துக்கொள்வது என்று அது செய்யும் வேலையை அந்தக் கசப்போடு கலக்கக் கூடாது. புனே நகரில் 2007இல் நேஹா பஞ்சமியா தொடங்கிய ரெஸ்க்யூ அறக்கட்டளை, அடிபட்ட விலங்குகளுக்குச் சிகிச்சை அளிப்பதில் பெயர் பெற்றது.

நிலமும் பணமும்

எட்டு வயதில் மீட்கப்படும் மாடு இருபது வயதுவரை வாழலாம். மீட்பது ஒரு நாள் வேலை, மீதி அத்தனையும் தீவனம், தண்ணீர், கூலி. நாளைக்கு 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18,250 ரூபாய். பெரிய மாட்டின் தீவனத்துக்கே அது போதாது. சாணத்தை எருவாகவும் எரிவாயுவாகவும் விற்றுச் சமாளிக்க முடியுமா என்று நிதி ஆயோக் 2023இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. சொந்த மேய்ச்சல் நிலம் உள்ள காப்பகம்தான் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் நகரம் வளர வளர அந்த நிலத்தின் மீதே கண் விழுகிறது. நாசிக் பாஞ்சராபோளுக்குச் சொந்தமான 825 ஏக்கரைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கலாம் என்ற பேச்சு 2023இல் எழுந்தபோது, அங்கே வளர்ந்துள்ள மரங்களையும் சேர்த்துக் காக்க நகர மக்கள் எதிர்த்து நின்றார்கள்.

பசுவுக்கு அப்பால்

அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய ஃபார்ம் சாங்க்சுவரி, கால்நடைச் சந்தையில் செத்த விலங்குகளின் குவியல்மேல் உயிரோடு கிடந்த ஹில்டா என்ற ஆட்டை எடுத்து வந்ததிலிருந்து வளர்ந்தது. ஆடு, பன்றி, கோழி எல்லாமே அங்கே ஆயுள் முழுக்க வாழ்கின்றன. புனேயில் புகலிடத்தின் பரப்பு இன்னும் குறுகியே இருக்கிறது; முட்டைக்கோழியின் கதி அதற்குச் சான்று. டாக்டர் பி.வி. ராவ் 1971இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸும், 1982இல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் இந்த ஊரைத்தான் தலைமையிடமாகக் கொண்டவை.  ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும்படி உருவாக்கப்பட்ட கோழி, பெரும்பாலும் 72 முதல் 80 வாரத்துக்குள் கறிக்குப் போகிறது. விட்டுவைத்தால் அது இன்னும் சில ஆண்டுகள் வாழும். எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைந்திருப்பதால் கால் ஒடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சினைப்பைக் கட்டிக்கு மருந்து தர வேண்டும். தடைச்சட்டமும் நாளைக்கு 50 ரூபாயும் அதற்குக் கிடையாது. அரிதாக எங்கோ ஒரு தனியார் காப்பகம் ஓர் ஓரத்தில் கம்பி வலை அடித்து, அத்தகைய பத்து இருபது கோழிகளுக்குத் தீனி வைக்கிறது.