சுழியம் காட்டும் முள்: கம்பம் பள்ளத்தாக்கு லாரிகளில் பிளைவீல் ஹவுசிங் அளவீடு பற்றிய மறுவாசிப்பு

குமுளி மலைச்சாலையிலும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் சரக்கேற்றிப் போய்வரும் லாரிகளில் கிளட்ச் பிளேட்டின் ஹப் தேய்ந்தாலும், பைலட் பேரிங் இரைந்தாலும், டாப் கியர் தானாக நழுவினாலும் அதை அதிகச் சுமையின் கணக்கில் எழுதிவிடுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. இம்முடிவுக்கு வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே சான்றின்மேல் நிற்கின்றன. எஞ்சின் பிரித்துக் கட்டியபோது ஹவுசிங்கை டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்கள், முள் வரம்புக்குள் நின்றது, ஆகவே குற்றம் பாரத்துடையது என்கின்றன. அந்தச் சான்றை அப்படியே ஏற்க முடியாது என்பதே என் வாதம். முள் நல்ல எண்ணைக் காட்டும் எஞ்சின்களில் சிலவற்றில்தான் கோணல் அதிகம் இருக்கக்கூடும்.

அளவீட்டின் முறை தெரிந்ததே. கிராங்கின் பின்முகத்தில் டயல் கேஜை நிறுத்தி, ஹவுசிங் துளையின் உள்விளிம்பைத் தொடவிட்டு, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றுவார்கள். முள்ளின் மொத்த ஆட்டம் பொதுவாக 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். எஸ்.ஏ.இ. 2ஆம் எண் ஹவுசிங்கின் துளை 447.68 மி.மீ. விட்டமுடையது, அவ்வளவு பெரிய வட்டத்தில் இது மயிரிழை.

எஞ்சின் ஓடாமல் கிடக்கும்போது கிராங்க் மெயின் பேரிங்கின் அடியில் படுத்திருக்கிறது. பேரிங் இடைவெளி 0.10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கிராங்கின் மையம் பேரிங்கின் மையத்திலிருந்து 0.05 கீழே இருக்கும். மைய விலகலை டயல் கேஜ் இரட்டிப்பாகவே காட்டும் என்பதால், மிகச் சரியாகப் பொருத்திய ஹவுசிங்கும் 0.10 ஆட்டம் காட்டும். பக்கவாட்டு அளவில் இந்தக் கலப்படம் அநேகமாக இல்லை. மேல்-கீழ் அளவில் மட்டும் உண்டு. ஆகவே இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்துப் படிப்பது முறையன்று. கிராங்கை நெம்பித் தூக்கி இடைவெளியை அளந்து, அதை மேல்-கீழ் அளவோடு குறியறிந்து சேர்க்கும் வழி எஞ்சின் தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே இருக்கிறது. பட்டறைகளில் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். முன்னைய கட்டுரையாளர்களும் தாண்டிவிட்டார்கள் என்றே அஞ்சுகிறேன்.

இதுவரை சொன்னது ஒரு நல்ல ஹவுசிங்கைத் தவறாகக் கழித்துவிடும் பிழை. அது பண நஷ்டத்தோடு போகும். எதிர்த்திசைப் பிழைதான் ஆபத்தானது. அது லைன் போரிங் செய்த பிளாக்குகளில் வருகிறது. பேரிங் கேப்பின் ஒட்டுமுகத்தைச் சீவி, துளையை மறுபடி ஒரே நேராகக் கடைந்தால் மையக்கோடு சற்றே மேலேறும், அதாவது ஹெட்டை நோக்கி நகரும். ஹவுசிங்கை இடம்பிடித்து நிறுத்தும் டவல் பின்களோ பழைய துளையிலேயே இருக்கின்றன. கிராங்க் 0.12 மி.மீ. ஏறியிருந்தால், ஹவுசிங் அதற்கு 0.12 தாழ்ந்துவிட்டது என்று பொருள். உண்மையான ஆட்டம் 0.24, வரம்புக்கு வெளியே. ஆனால் அளக்கும் நேரத்தில் கிராங்க் 0.05 கீழே படுத்திருக்கிறது. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் கழிந்து, முள் 0.14 மட்டுமே காட்டும். மெக்கானிக் திருப்தியோடு போல்ட்டை முறுக்குவார். மையக்கோடு 0.05 மட்டும் ஏறிய பிளாக்கில் முள் ஏறத்தாழ சுழியத்திலேயே நிற்கும். புது பிளாக்கில்கூட அவ்வளவு அழகான எண் வராது. ஏற்கெனவே கடைந்த பிளாக்கில் வரும் சுழியத்தை நான் நம்புவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஓடும் எஞ்சினில் கிராங்க் எண்ணெய்ப் படலத்தின்மேல் எழுகிறது; ஆனால் எரிப்பு வாயுவின் அழுத்தம் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருப்பதால் பேரிங்கின் நட்டநடுவில் மிதப்பதில்லை. எனவே 0.05-ஐ முழுவதுமாகத் திருத்துவது சற்று மிகையாகலாம். உண்மை அளவு மேற்சொன்ன 0.14-க்கும் 0.24-க்கும் நடுவே எங்கோ இருக்கும், 0.24-க்கு நெருங்கி என்பது என் கணிப்பு.

டயல் கேஜைச் சாராத சாட்சிகள் இரண்டு உண்டு. ஒன்று டைமிங் கியர். கிராங்க் மேலேறினால் கேம்ஷாஃப்ட் கியரோடு பல்லிடைவெளி குறுகும். கட்டி முடித்த எஞ்சின் முன்பக்கம் ஊளையிடும். முன்பக்கச் சத்தத்துக்கும் பின்பக்கக் கோணலுக்கும் காரணம் ஒன்றே என்று யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. மற்றொன்று கழற்றிய கிளட்ச் பிளேட். ஹவுசிங் கோணலாக நின்றால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் சாய்வு வெளியில் நிலையாக இருக்கும். ஹப் அதில் சுழல்வதால் எல்லா ஸ்ப்ளைன் பற்களும் சுற்றிலும் சமமாக, வாயகன்று தேயும். பைலட் துளையே மையம் தப்பியிருந்தால் கோணலும் கிராங்கோடு சேர்ந்து சுற்றும்; தேய்வு ஒரு பக்கமாக விழும். வெறும் பாரத்தால் வரும் தேய்வு பற்களின் இழுக்கும் முகத்தில் நீளவாக்கில் ஒரே சீராக அழுந்தும், வாயகலாது. ஹப்பைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அதைத் தேய்ந்தது என்ற ஒரே சொல்லில் பதிவுசெய்துவிட்டு, பிறகு பாரம் என்று முடிவுகட்டுவது ஆய்வு ஆகாது.

மலை இதில் எங்கே வருகிறது? லோயர் கேம்ப் தாண்டியதும் முழு முறுக்குவிசையில் நெடுநேரம் ஏறுகிறது வண்டி. அந்த அழுத்தத்தில் ஸ்ப்ளைன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நெளிகிறது. ஆக மேடு கோணலை உண்டாக்குவதில்லை, பெருக்கிக் காட்டுகிறது. சின்னமனூரிலிருந்து தேனிக்குச் சமவெளியில் ஓடும் வண்டியில் இதே கோணல் பல ஆண்டு மறைந்தே இருக்கலாம்.

முறுக்குவதைப் பற்றியும் சில வரிகள். போல்ட்டுக்குக் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இறுக்கமாக மாறுகிறது. மீதி உராய்வுக்குப் போகிறது. எண்ணெய் தடவிய மரையில் காய்ந்த மரைக்குரிய எண்ணை வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி நீளும். ஒட்டுமுகத்தில் பெயிண்ட், போல்ட் துளை ஓரத்துப் பிசிர், தாராளமாகப் பூசிய சிலிக்கான் எல்லாம் முகத்தைச் சாய்க்கும். முகத்தை அளக்கும்போது ஒவ்வொரு அளவுக்கும் கிராங்கை முன்னோக்கித் தள்ளிவைக்காவிட்டால் எண்ணில் எண்ட்-ப்ளே கலந்துவிடும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, மென்சுத்தியலால் தட்டி நேராக்கி, எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கி, முழு முறுக்கு வந்தபின் மறுபடி அளக்க வேண்டும். கடைசி அளவை விட்டுவிட்டால் முதல் அளவுக்குப் பயனில்லை.

டவல் பின் இருக்கும்போது ஹவுசிங் தானே நேராக உட்காரும் என்பார்கள். டவல் பின் பிடித்துவைத்திருப்பது தொழிற்சாலையில் இருந்த கிராங்கின் மையத்தை. இப்போதைய மையத்தை அன்று. டயல் கேஜின் தண்டே வளைந்து தொங்கும் என்ற மறுப்புக்குக் குட்டையான தண்டு போதும். எஞ்சினின் சூட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்துக்கு மறுமொழி எழுத இடம் செலவிடத் தேவையில்லை.

லைன் போரிங் முடிந்து வரும் பிளாக்கோடு மையக்கோடு எவ்வளவு ஏறியது என்ற எண்ணும் எழுத்தில் வர வேண்டும். அது இருந்தால் ஹவுசிங்கைத் திருத்திய அளவுக்கு நகர்த்தி இறுக்கி, டவல் துளைகளை ரீமர் போட்டுப் பெரிதாக்கி, அளவுகூடிய பின் அடிக்கலாம். எஞ்சினின் பின் மவுண்டிங் ஹவுசிங்கிலேயே இருக்கும் மாடல்களில், சேஸிஸில் ஏற்றியபின் கியர்பாக்ஸ் மாட்டுவதற்கு முன் இன்னொரு முறை அளப்பதும் அவசியம். ஸ்டாண்டில் எடுத்த எண் அங்கே எவ்வளவு மாறுகிறது என்பதைத் தனியே பதிவுசெய்ய வேண்டும்.