கௌசானியின் நடைவழிகள்: ஒரு மலை தன் சுமையை இறக்கிய வரலாறு

உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதியில், அல்மோரா நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் ஒரு மலைமுகட்டின்மேல் அமைந்த சிற்றூர் கௌசானி. முகட்டின் ஒருபுறம் கோசி ஆற்றின் பள்ளத்தாக்கு. மறுபுறம் கோமதி பாயும் கத்யூர்ப் பள்ளத்தாக்கு. இவை பீகாரின் கோசியும் லக்னோவின் கோமதியும் அல்ல. அதே பெயர் தாங்கிய மலையாறுகள். வானம் தெளிந்த காலைகளில் திரிசூல், நந்தாதேவி, பஞ்சசூலி முதலிய பனிச்சிகரங்கள் வடதிசையில் ஒரே வரிசையாகத் தெரியும்.

இவ்வூரைச் சுற்றியுள்ள நடைவழிகள் எளியவை. கடைத்தெருவிலிருந்து சிறிது ஏறினால் அனாசக்தி ஆசிரமம். பைன் மரங்களின் ஊடே மற்றொரு பாதை லட்சுமி ஆசிரமத்தை அடைகிறது. வடக்கே இறங்கும் வழி தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, கத்யூரி அரசர் காலத்துக் கற்கோயில்கள் நிற்கும் பைஜ்நாத்தை நோக்கிச் செல்கிறது. வசந்தத்தில் புராம்ஸ் மரங்கள் செந்நிறமாகப் பூத்திருக்கும். மலையேற்றப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. நல்ல காலணியும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

ஆனால் இம்மலைகளில் கைவீசி நடப்பது எல்லோர்க்கும் எக்காலத்தும் வாய்த்ததன்று. நூறாண்டுக்குச் சற்று முன்புவரை, இப்பாதைகளில் பிறர் சுமையைத் தூக்கி நடப்பது இங்குள்ள உழவர்களின் கட்டாயக் கடமையாக இருந்தது.

1815இல் கூர்க்காக்களிடமிருந்து குமாவுனைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், முந்தைய ஆட்சிகளில் வழங்கிய கட்டாய உழைப்பு முறையை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்தினர். அம்முறை மூன்று வடிவங்களில் வழங்கியது. பெயரளவு கூலிக்குச் சுமை தூக்குவது ‘கூலி உதார்’. கூலியே இன்றி உழைப்பது ‘கூலி பேகார்’. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்கு அரிசி, பால், நெய், விறகு, புல் முதலியவற்றை ஊரார் கொடுப்பது ‘கூலி பர்தாயிஷ்’. தமிழ் வாசகர்க்கு இதன் பொருளை விளக்கச் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ என்னும் சொல்லே போதும். ஊதியமில்லா உழைப்பைக் குறித்த அச்சொல் இன்று ‘பயனற்ற வேலை’ என்ற அளவில் தேய்ந்துவிட்டது. குமாவுனிலோ ‘பேகார்’ 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்த நடைமுறை.

வண்டிச்சாலை இல்லாத மலைநாட்டில் ஆட்சி என்பதே சுமை தூக்குவோரை நம்பி நடந்தது. வரி அலுவலர், வனத்துறையினர், வேட்டைக்கு வந்த வெள்ளையர் என யார் வந்தாலும் அவர்தம் கூடாரமும் கட்டிலும் பெட்டிகளும் உழவர்களின் முதுகில் ஏறின. சில வேளைகளில் ‘டாண்டி’ என்னும் தூக்குநாற்காலியில் துரைமாரும் ஏறினர். எவ்வீட்டார் எப்போது ஆள் அனுப்ப வேண்டும் என்பதற்கு ஊர்த்தலைவரான பதான் பதிவேடு வைத்திருந்தார். அறுவடைக் காலம் என்றோ வீட்டில் நோய் என்றோ சொல்லித் தப்புவது எளிதன்று. நிலம் வைத்திருப்பதே இக்கடமைக்குக் காரணமாகக் காட்டப்பட்டதால், நிலத்தின்மீது உழவனுக்கு இருந்த உரிமையே அவனைப் பிணித்த கயிறாகவும் ஆயிற்று.

1911க்கும் 1917க்கும் இடையில் குமாவுனின் பரந்த காடுகள் ஒதுக்கப்பட்ட காடுகளாக அறிவிக்கப்பட்டபோது துன்பம் இரட்டித்தது. மேய்ச்சலும் விறகும் புல்லும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அவற்றைக் கண்காணிக்கச் சுற்றி வந்த வனத்துறையினரின் சுமையையும் அதே ஊரார் தூக்க நேர்ந்தது. தன் காட்டைத் தன்னிடமிருந்து பறிப்பவனின் பெட்டியைத் தானே சுமக்கும் நிலை அது.

1916இல் குமாவுன் பரிஷத் தோன்றியது. 1918இல் அல்மோராவிலிருந்து ‘சக்தி’ வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் பத்ரி தத் பாண்டே, பேகாருக்கு எதிரான குரலை ஊர்தோறும் கொண்டுசென்றார். விண்ணப்பங்களும் தீர்மானங்களும் பயன் தராத நிலையில், மக்கள் கூடும் இடத்திற்கே போராட்டம் நகர்ந்தது.

கௌசானி முகட்டிலிருந்து இறங்கி, பைஜ்நாத்தைக் கடந்து கோமதியின் போக்கிலேயே சென்றால், அது சரயு ஆற்றோடு கலக்குமிடத்தில் பாகேஷ்வர் வரும். தமிழகத்தில் பொங்கல் கொண்டாடும் அதே நாள்களில் அங்கு உத்தராயணித் திருவிழா கூடும். 1921 ஜனவரியில் அத்திருவிழாவுக்கு மலையூர்களிலிருந்து பல்லாயிரவர் வந்திருந்தனர். பத்ரி தத் பாண்டே, ஹர்கோவிந்த் பந்த், சிரஞ்சிலால் ஆகியோர் அக்கூட்டத்தில் பேசினர். மாவட்ட நிருவாகம் தலைவர்களை வெளியேறுமாறு ஆணையிட்டது, அவர்கள் மறுத்தனர். இனிப் பேகார் செய்வதில்லை என்று மக்கள் பாக்நாத் கோயிலையும் சரயுவையும் சாட்சியாக வைத்து உறுதி எடுத்தனர். ஊர்த்தலைவர்கள் தாம் கொண்டுவந்த கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தனர்.

அவர்கள் அழிக்கத் தேர்ந்தது வெறும் தாள்கட்டைத்தான். ஆயினும் எந்த வீட்டின் முதுகு எந்த நாளில் வளைய வேண்டும் என்று எழுதியிருந்த தாள் அது. பதிவேடு போனபின் ஆள் அழைக்க வழியில்லை. அழைத்தாலும் வர ஆளில்லை. அரசு அவ்வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது. அதே ஆண்டின் கோடையில் ஒதுக்கப்பட்ட பைன் காடுகள் பல தீக்கிரையாயின. வனக்குறைகளை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1931இல் ஊராரே காடுகளைப் பேணும் வனப் பஞ்சாயத்து முறைக்கு விதிகள் பிறந்தன.

கௌசானியில் 1900இல் பிறந்த இந்திக் கவிஞர் சுமித்ரானந்தன் பந்த், காந்தியின் அழைப்பை ஏற்று அலகாபாத்தில் கல்லூரிப் படிப்பைத் துறந்ததும் இதே 1921இல்தான். இம்மலையின் இயற்கையழகைப் பாடியவராக அவரைப் போற்றுவோர், அந்த அழகுக்கு நடுவே வாழ்ந்தோர் அவ்வாண்டில் எதை விடுவித்துக்கொண்டனர் என்பதையும் சேர்த்து நினைப்பது தகும்.

காந்தி 1929 ஜூனில் கௌசானி வந்தார், பாகேஷ்வருக்கும் சென்றார். தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த விருந்தினர் இல்லத்தில் தங்கி, கீதைக்குத் தாம் குஜராத்தியில் செய்த மொழிபெயர்ப்பான ‘அனாசக்தி யோக’த்தின் முன்னுரையை எழுதி முடித்தார். அவ்வில்லமே இன்றைய அனாசக்தி ஆசிரமம். பயனில் பற்று வைக்காமல் உழைப்பதே அந்நூலின் மையக்கருத்து. எட்டாண்டுகளுக்கு முன்தான் பயன் மறுக்கப்பட்ட உழைப்பை ஆற்றில் எறிந்த ஒரு மலைநாட்டில் இருந்து அது எழுதப்பட்டது. பயனைத் துறப்பதற்கு முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டும். கூலி பெறும் உரிமையே இல்லாதவன் கூலியைத் துறந்தான் என்று சொல்ல முடியாது. கௌசானியில் அந்நூலை எண்ணும்போது இவ்வேறுபாடு தெளிவாகிறது.

லண்டனில் பிறந்து இந்தியாவுக்கு வந்து காந்தியவழி நின்ற சரளா பென், 1942இல் சிறைசென்ற போராளிகளின் குடும்பங்களுக்கு உதவ இப்பகுதியின் ஊர்களுக்கு நடந்தே சென்றார்; அதற்காகத் தாமும் சிறைப்பட்டார். 1946இல் அவர் மலைநாட்டுப் பெண்களின் கல்விக்காகத் தொடங்கியதே லட்சுமி ஆசிரமம். பிற்காலத்தில் மதுவிலக்கு, காடு காத்தல் ஆகிய இயக்கங்களில் முன்நின்ற பெண்கள் பலர் அங்குப் பயின்றவர்கள்.

இன்று சாலைகள் வந்துவிட்டன. பழைய வழிகள் ஊராரின் குறுக்குப்பாதைகளாகவும் பயணிகளின் உலாப்பாதைகளாகவும் எஞ்சியுள்ளன. அவற்றில் நடப்போர் எதிரே, தலையிலோ முதுகிலோ புற்கட்டும் விறகும் சுமந்த பெண்கள் வருவதைக் காணலாம். அச்சுமை பேகார் அன்று. தம் வீட்டுக்கும் மாட்டுக்குமானது. ஆயினும் 1921இல் இறங்கியது மலையின் ஒரு சுமைதான். மற்றொன்று இன்னும் பெண்களின்மேல் இருக்கிறது. குறுகிய பாதையில் அவர்களுக்கு ஒதுங்கி வழிவிடும் பயணி, இவ்வரலாற்றுக்குச் செய்யவேண்டிய மிகச் சிறிய மரியாதையைச் செய்கிறார்.