சிற்றிலைச் சிதைத்தவர்கள்

சோழபுரத்தில் என் அம்மாச்சி மார்கழி முழுக்க இருட்டோடு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். எதிர்வீட்டு ஆத்தாளும் வந்துவிடுவாள். ஒருத்தி புள்ளி வைக்க, மற்றவள் இழை இழுப்பாள். சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிவிட்டு நிமிரும்போது இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்பார்கள். விடிந்ததும் முதல் சைக்கிள் அதன்மேல்தான் ஏறும். பெரும்பாலும் அது எங்கள் வீட்டு ஆண்களுடையது.

அந்த இடுப்புவலியை நான் எழுத்தில் கண்டது பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியிடம். ஆண்டாள் என்றால் எங்கள் பக்கத்தில் மாலை, கிளி, ஆடிப்பூரத் தேர். அவள் கவிஞர் என்பது அதற்கெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வரும். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் காதலைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். எனக்கு அதன் முதல் இரண்டு பதிகங்கள் போதும்.

முதலாவதில் தை மாதம் தரையைத் துலக்கி மண்டலம் இடுகிறாள். மாசி பிறந்ததும் நுண்மணலால் தெருவை அலங்கரிக்கிறாள். கோலத்தின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் கடந்து போக முடியாத இடம் இது. இரண்டாவதில் சிறுமிகள் கூடி மணல்வீடு கட்டுகிறார்கள். கருவிகளையும் சொல்லிவிடுகிறாள்: சிறு பானை, சிறு சுளகு, மணல். (முறத்துக்கு அம்மாச்சி வீட்டில் இன்றும் சுளகு என்றுதான் பெயர்.) வண்டலைத் தெள்ளியெடுத்ததில் வளையணிந்த கைகள் சோர்ந்துபோகின்றன. நாளெல்லாம் உட்கார்ந்து இழைத்ததில் முதுகு நோகிறது. அதைத்தான் கண்ணன் சிதைக்க வருகிறான். அவர்களுக்கு அவன்மேல் மயக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு உழைத்தோம் என்ற கணக்கையும் சேர்த்தே சொல்கிறார்கள். பேசுவது 'நான்' அல்ல, 'நாங்கள்'.

காட்சி பழையது. கலித்தொகையின் 51ஆம் பாட்டில் மணல்வீட்டைக் காலால் கலைத்த பையன் வளர்ந்து காதலனாகத் தண்ணீர் கேட்டு வருகிறான். அந்தக் குறும்பு இனிக்கும் நினைவாகிவிடுகிறது. ஆண்டாளுக்குப் பின் பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குச் சிற்றில் ஒரு பருவமாகவே அமைந்தது. கெஞ்சும் குரல் சிறுமிகளுடையது, புகழ் சிதைக்கும் பாதத்துக்கு. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமிக்குப் பாடும்போது சிற்றில் இருக்கிறது. மீனாட்சியம்மைக்குப் பாடும்போது அம்மானை, நீராடல், ஊசல் என்று முடிகிறது. மதுரையை ஆண்ட அரசிக்குக்கூட மணல்வீடு கட்டும் பருவம் கிடைக்கவில்லை.

1946இல் ராஜாஜி, ஆண்டாள் என்றொருத்தி இருந்தாளா என்றே ஐயுற்றார். பாடல்கள் பெரியாழ்வாரின் கற்பனையாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பெரியாழ்வாரும் பெண் குரலில் பாடியவர்தான், சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெண்போலப் பாடிய நம்மாழ்வாரை யாரும் பெண்ணாக்கவில்லையே. இங்கே மட்டும் எழுதியவளையே கழித்துவிடத் தோன்றுகிறது.

சிற்றில் பதிகத்தின் கடைசிப் பாசுரத்தில் அவள் ஊர்ப்பெயர், அப்பா பெயர், தன் பெயர் மூன்றையும் வைத்திருக்கிறாள். அம்மாச்சி எந்தக் கோலத்திலும் பெயர் எழுதியதில்லை. சைக்கிள் போனபின் ஒரு கை பொடியோடு வெளியே வந்து, அறுந்த இழையை மட்டும் சேர்த்துவிட்டு அடுப்படிக்குப் போவாள்.