லிம்போமாவுக்குப் போன இதய மாத்திரை

வெராபமில் என்பது தாறுமாறாக ஓடும் இதயத் துடிப்பை அடக்கத் தரும் மருந்து. லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். இது ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

லிம்போமா கீமோவில் முக்கியமான ஒரு மருந்து வின்கிறிஸ்டின். நம்ம வீட்டு வாசல்ல பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பாங்களே, அதேதான். சிலருக்கு நோய் திரும்பி வரும்போது இது பலிப்பதில்லை. இதற்கான ஒரு காரணத்தின் நுனி 1976இல் கனடாவில் கிடைத்தது. மருந்துக்கு மசியாத ஹாம்ஸ்டர் செல்களின் சவ்வில் ஜூலியானோ, லிங் இருவரும் ஒரு புரதத்தைப் பார்த்தார்கள். பெயர் பி-கிளைக்கோபுரோட்டீன். உள்ளே வரும் மருந்தை மோட்டார் பம்பு மாதிரி வெளியே இறைத்துவிடுகிறது என்பது பிறகு புரிந்தது.

1981இல் ஜப்பானில் தகாஷி சுருவோ குழு, வின்கிறிஸ்டினுக்கு மசியாத எலி ரத்தப்புற்று செல்களில் வெராபமிலைச் சேர்த்துப் பார்த்தது. வின்கிறிஸ்டின் மறுபடி செல்லுக்குள்ளேயே தங்கியது! வெராபமில் அந்தப் பம்பை அடைத்துக்கொள்கிறது.

அடுத்து மனிதர்கள். 1991இல் அமெரிக்காவின் அரிசோனா குழு ஒரு முடிவை வெளியிட்டது: கீமோவுக்கு மசியாத லிம்போமா நோயாளிகள் 18 பேருக்குக் கீமோவோடு அதிக அளவு வெராபமில் கொடுத்ததில் 13 பேருக்குக் கட்டி சுருங்கியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க வெராபமில் இல்லாத குழு கிடையாது. இன்னொரு சிக்கல், பம்பை அடைக்கத் தேவையான அளவு, இதயத்துக்குத் தேவையானதைவிட ரொம்ப அதிகம். ரத்த அழுத்தம் இறங்கும், துடிப்பு தடைபடும். 1995இல் மயலோமா என்ற இன்னொரு ரத்தப்புற்றில் முறையாக ஒப்பிட்டபோது பலன் தெரியவில்லை. அந்த வழி மெல்ல மூடியது.

கதை அப்புறம் தலைகீழானது. 2013இல் லிம்போமாவின் ஒரு வகைக்கு இப்ருடினிப் மாத்திரை அனுமதி பெற்றது. இதை எடுப்பவர்களில் சிலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு வருகிறது. வேகத்தைக் குறைக்க வெராபமில் எழுதலாமே? அங்கதான் வம்பு. இப்ருடினிப்பைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை வெராபமில் மந்தமாக்கும். ரத்தத்தில் இப்ருடினிப் ஏறும், பக்கவிளைவும் கூடும். அதனால் வெராபமிலைத் தவிர்ப்பார்கள், பெரும்பாலும் பீட்டா பிளாக்கர் பக்கம் போவார்கள். வேறு வழியில்லையென்றால் இப்ருடினிப் அளவைக் குறைப்பார்கள்.

இன்னொரு மருந்தின் போக்கை மாற்றுகிற குணம்தான் ரெண்டு இடத்திலும். அன்றைக்கு அதற்காகவே கொடுத்தார்கள், இன்றைக்கு அதற்காகவே தவிர்க்கிறார்கள். வீட்டில் யாராவது இப்படி இரண்டு டாக்டர்களிடம் போனால், ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் கட்டாயம் காட்டுங்க.